ஐந்து பொன்னாடையும் ஒரு வேலியும்

நல்லம்மாளின் வேலிக் கதையை ஆயர் ஈத்தாமில் இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பேரவையின் ஆண்டறிக்கையிலும் அது வண்ணப் படத்தோடு அச்சாகியிருக்கிறது. அதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அதில் பன்றி வரவே இல்லை. பன்றியை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்குப் பேரவையில் பதவி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். போன நவம்பர் மழையில் பக்கத்து நிலத்துக் கிழட்டு ரம்புத்தான் மரம் வேரோடு சாய்ந்து எல்லைக் கம்பிவேலி மேல் விழுந்தது. நாற்பது அடி வேலி அப்படியே நல்லம்மாள் பக்கமாகப் படுத்துக்கொண்டது. மரமும் பக்கத்து நிலத்துக்காரருடையது, வேலியும் அவர் போட்டதுதான். மனுஷன் என்றால் மறுநாள் காலையில் வந்து, "மன்னிச்சிக்கிங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நாலு தூணை நிமிர்த்தி நட்டிருப்பான். அரை நாள் வேலை. ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் மனுஷன் இல்லை. அவர் ஒரு பேரவை.

ஆயர் ஈத்தாம் வட்டாரத் தமிழர் நல்லிணக்க நற்பணி முன்னேற்றப் பேரவை. மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், நானும் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதிக் கொடுத்த நிலத்தில் முன்னால் ஒரு மண்டபம், பின்னால் அரை ஏக்கர் காடு. காட்டுக்குப் பின்னால் மலை. மண்டபத்தில் மாதம் தவறாமல் விழா நடக்கும். காட்டில் மாதம் தவறாமல் பன்றி குட்டி போடும்.

நல்லம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். ஒரு நாள் ஃபேக்டரி வேறு நாட்டுக்குப் போய்விட்டது, நல்லம்மாள் இங்கேயே இருந்துவிட்டாள். அந்த வருஷம்தான் வேலி ஓரமாக ஏழு கறிவேப்பிலைக் கன்றுகளை நட்டாள். இன்றைக்கு லிட்டில் இந்தியாவில் நாலு சாப்பாட்டுக் கடையில் தாளிப்பு வாசம் வருகிறது என்றால் அது அவள் வீட்டு இலை. திங்களும் வியாழனும் கட்டுக் கட்டாகப் பையில் அடைத்து பஸ்ஸில் ஏறிவிடுவாள். கணவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. மகன் ஷர்வின் சிங்கப்பூரில் இருந்துகொண்டு, "வீட்ட வித்துட்டு எங்கிட்டயே வந்துருங்கம்மா" என்று வாராவாரம் போனில் கூப்பிடுவான்.

"அந்த ஏழு மரம் நிக்கிற வரைக்கும் நான் யார் வீட்டு சோஃபாவிலயும் படுக்க மாட்டேன்" என்பது அவள் பதில். மருமகள் நல்லவள்தான். ஆனாலும் சோஃபா சோஃபாதானே?

ஆக, மலையிலிருந்து இறங்கும் பன்றிக்கும் நல்லம்மாளின் சுதந்திரத்துக்கும் நடுவே இருந்தது அந்தக் கம்பிவேலி ஒன்றுதான். அது விழுந்துவிட்டது.

மறுநாளே ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடு பேரவை அலுவலகத்துக்குப் போனாள். வெறுங்கையோடு போவது அவள் வழக்கம் இல்லை. செயலாளர் மோகனராஜ் மேசையில் நாலு முத்திரைக் கட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முக்கியமான ஒரு முத்திரையை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார், குளிக்கும்போதுதான் எடுப்பார் என்று பேச்சு.

"தம்பி, வேலி சாஞ்சிருச்சு. கொஞ்சம் ஆள அனுப்புங்க."

"அக்கா, வாயால சொல்ற புகாரெல்லாம் பேரவை எடுத்துக்காது லா. லெட்டர் எழுதணும்."

எழுதிக்கொண்டு போனாள். திரும்பி வந்தது. தலைவர் பெயருக்கு முன்னால் 'வருங்கால டத்தோ' என்று போடவில்லையாம். தலைவர் கதிர்காமநாதனுக்கு இன்னும் அரசு தரும் டத்தோ பட்டம் வரவில்லை. ஆனால் வரும் வரைக்கும் காத்திருந்து மரியாதை கொடுப்பது பேரவையின் பண்பாடு இல்லை. மறுபடியும் எழுதினாள். மறுபடியும் திரும்பி வந்தது.

"வாழ்த்து எங்கக்கா?"

"வேலி விழுந்ததுக்கு எதுக்குப்பா வாழ்த்து?"

"வேலிக்கு இல்லக்கா, தலைவருக்கு. போன மாசம் அறுபத்தஞ்சு முடிஞ்சுது. அத ஒரு வரி சொல்லிட்டுத்தான் உங்க விஷயத்துக்கு வரணும். முறைன்னு ஒன்னு இருக்குல்ல?"

மூன்றாவது லெட்டரில் முக்கால் பக்கம் வாழ்த்தும் கால் பக்கம் வேலியும் இருந்தன. மோகனராஜ் மனம் நிறைந்து மூன்று முத்திரை குத்தினார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் மடல் கிடைக்கப் பெற்றோம். அதற்காக எதிர்வரும் செயற்குழுக் கூட்டத்தில் தாங்கள் சிறப்பிக்கப்படுவீர்கள்.'

நல்லம்மாள் அதை மூன்று முறை படித்தாள். வேலி என்ற சொல்லைத் தேடினாள். இல்லை.

கூட்டத்துக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். முதலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். தலைவர் ஒரு திரி, துணைத் தலைவர் ஒரு திரி, செயலாளர் ஒரு திரி. செயற்குழுவில் மொத்தம் ஒன்பது பேர், விளக்கில் ஐந்து முகம்தான். மிச்சம் நாலு பேரின் மனம் நோகக்கூடாது என்று விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை ஏற்றினார்கள். பிறகு வரவேற்புரை. வரவேற்புரை ஆற்றியவரைப் பாராட்டி ஓர் உரை. அஜெண்டாவில் வேலி பதினோராவது. ஒன்பதாவது வரும்போது கேசரியும் டீயும் வந்துவிட்டன. கேசரி வந்த பிறகு அந்த மண்டபத்தில் எந்தப் பிரச்சினையும் உயிரோடு இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் நல்லம்மாளை மறக்கவில்லை. மேடைக்குக் கூப்பிட்டு, சரிகை போட்ட மஞ்சள் பொன்னாடை ஒன்றைப் போர்த்தி, 'பொறுமையின் சிகரம்' என்று அறிவித்தார்கள். போட்டோக்காரன், "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றான். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் வீட்டுக்குள் எப்படிப் பேசுவாரோ தெரியாது, ஒலிவாங்கி கையில் இருந்தால் செந்தமிழ்தான்.

"அம்மையார் வேலி விழுந்துவிட்டது என்று வருந்துகிறார். நான் கேட்கிறேன், விழுந்தது வேலியா? அல்லது நம் உள்ளங்களுக்கு இடையே நின்ற சுவரா?" கைதட்டல். "பேரவை செயல்படவில்லை என்று வெளியே சிலர் பேசுகிறார்கள். பதினேழு ஆண்டுகளாக நாம் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு முடிவைக்கூட அவசரப்பட்டு எடுத்ததில்லை. எடுத்த முடிவை நிறைவேற்றிவிட்டு, ஐயோ, ஏன் செய்தோம் என்று பின்னால் வருந்தியதும் இல்லை!"

இதற்குத்தான் அன்றைக்குப் பலத்த கைதட்டல். நல்லம்மாளும் தட்டினாள். பொன்னாடை போர்த்திய கை, தானாகத் தட்டிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தன் கையை நினைத்து அவளுக்கு எரிச்சல் வந்தது.

இனி பேரவையை நம்பிப் பயனில்லை என்று, தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிவந்து வேலியைத் தானே நிமிர்த்தப் பார்த்தாள். முதல் தூணைத் தூக்குவதற்குள் மோகனராஜ் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்துவிட்டார்.

"அக்கா, கை வைக்காதீங்க! அது பேரவை சொத்து!"

"சொத்து என் வீட்டுக் கொல்லையில படுத்துக் கெடக்குதே, தம்பி?"

"படுத்துக் கெடந்தாலும் சொத்து சொத்துதான். தீர்மானம் இல்லாம ஒரு ஆணிகூட அசையக்கூடாது. அசைச்சா போலீஸ் ரிப்போர்ட் பண்ண வேண்டியிருக்கும், சொல்லிட்டேன்."

அந்த வாரமே பன்றி வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கொல்லை முழுக்க உழுது போட்டிருக்கிறது. ஓரத்து இரண்டு மரங்கள் வேர் மேலே பார்க்கக் கிடந்தன. நல்லம்மாள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். எட்டு வருஷம் தண்ணீர் ஊற்றின மரம், அழாமல் என்ன செய்வாள்? அழுது முடித்துவிட்டு, வேரோடு அதில் ஒரு மரத்தை இழுத்துக்கொண்டு போய்ப் பேரவை வாசலில் போட்டாள்.

பேரவை உடனே செயலில் இறங்கியது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் வைத்து, 'இழப்பைத் தாங்கிய இரும்பு மங்கை' என்று இரண்டாவது பொன்னாடை போர்த்தினார்கள். மகளிர் தினத்துக்கு மூன்றாவது. நாலாவது எதற்கு என்று போர்த்தியவர்களுக்கே தெரியவில்லை. அன்றைக்கு வரவேண்டிய பிரமுகர் வரவில்லை, பொன்னாடை வாங்கியாகிவிட்டது, நல்லம்மாள் புகார் கொடுக்க வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மார்ச் மாதக் கடைசியில் ஒருவழியாக நேரில் பார்க்க வந்தார்கள், ஒன்பது பேரும். வந்த வேகத்தில் ஐந்தாவது பொன்னாடையைப் போர்த்திவிட்டுத்தான் கொல்லைப் பக்கம் திரும்பினார்கள். தலைவர் கீழே கிடந்த வேலியைப் பார்த்தார். பிறகு அது கிடந்த இடத்திலிருந்து முன்பு நின்றிருந்த இடம் வரைக்கும் கண்ணால் அளந்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"செயலாளர் அவர்களே, வேலி எங்கே இருக்கிறது?"

"இங்க கெடக்கு தலைவரே."

"வேலி இருக்கும் இடம்தானே எல்லை?"

"ஆமா தலைவரே, அதுக்குத்தானே வேலின்னு பேரு."

"அப்படியானால் இந்த ஆறடி நிலம் பேரவையின் நிலம். இத்தனை காலமும் நம் நிலத்தில் அம்மையார் மரம் வளர்த்திருக்கிறார். பரவாயில்லை, பெருந்தன்மையாக விட்டுவிடுவோம். வேலி புனரமைப்புத் தொடக்க விழாவுக்கு வரும் பிரமுகர்களின் கார்களை இங்கே நிறுத்தலாம். மரங்களை மட்டும் அகற்றிவிடுங்கள்."

நல்லம்மாளுக்குக் காதிலிருந்து புகை வராத குறைதான். விறுவிறுவென்று போய், ரம்புத்தான் சருகைக் காலால் தள்ளி, மண்ணில் புதைந்திருந்த எல்லைக்கல்லைக் காட்டினாள். நம்பர் வெட்டிய கல். வேலியின் அந்தக் கோடியில் ஒன்று, இந்தக் கோடியில் ஒன்று. வீட்டுக்குள் ஓடிப் பட்டாவையும் எடுத்து வந்தாள். படத்தில் அதே நம்பர்.

"இதப் பாருங்க. கல்லு பொய் சொல்லுமா?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கல்லைப் பார்த்தார். கல் அசையாமல் இருந்தது.

"கல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கல்லைப் பேரவையின் எந்தக் கூட்டத்திலும் யாரும் முன்மொழியவும் இல்லை, வழிமொழியவும் இல்லை. தீர்மானத்தில் ஏறாத ஒரு கல்லை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய முடியும், அம்மா?"

அடுத்த வியாழக்கிழமை லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்ட்ரீட்டில் சுலைமானிடம் இதைச் சொல்லிப் பொருமினாள். சுலைமான் பேனர் அச்சடிக்கிற கடை வைத்திருப்பவர். நல்லம்மாள் கறிவேப்பிலை போடுகிற சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்துக் கடை. பேரவையின் அத்தனை பேனரும் அவர் கையால்தான்.

"அக்கா, அவுங்க வாயில வர்றது காத்து," என்றார் சுலைமான். "கோர்ட்டுக்குப் போனா உங்க ஆயுசு முடிஞ்சிரும். கல்லுதான் எல்லைன்னு அவுங்க கையாலயே எழுதி, மோகனராஜ் பையில வச்சிருக்கிற அந்த முத்திரையக் குத்தி வாங்குங்க. அதுக்கப்புறம் ஒரு பய ஒன்னும் பேச முடியாது."

"எழுதித் தருவானுங்களாக்கும்!"

"அது சரி," என்று ஒத்துக்கொண்ட சுலைமான், கடைக்குள் நீளமாகப் பரப்பியிருந்த பிளாஸ்டிக் துணியைக் காட்டினார். "உங்க வேலி விழாவுக்குத்தான் அக்கா அடிக்கிறேன். ஒருத்தர் படம் பெருசு, ஒருத்தர் படம் சிறுசுன்னு சண்டை. கடைசியில ஆளுக்குத் தனித்தனி பேனர். எட்டுப் பேருக்கு நாலடி அகலம், தலைவருக்கு மட்டும் எட்டடி. எல்லாம் மரச்சட்டம் போட்டு, நிக்கிற மாதிரி."

நல்லம்மாள் எட்டு நாலைப் பெருக்கி, எட்டைக் கூட்டினாள். இலைக் காசைக்கூட வாங்க மறந்துவிட்டு பஸ் ஏறினாள்.

மே மாதம் விழா. விடிந்தவுடன் ஆட்கள் வந்துவிட்டார்கள். பந்தலுக்கு இடைஞ்சல் என்று, ரம்புத்தான் மரத்தை அறுத்துத் தள்ளி, கீழே கிடந்த வேலியைச் சுருட்டி லோரியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பினார்கள். வேலிப் புனரமைப்பு விழாவுக்காக வேலியை அப்புறப்படுத்தியது இந்த வட்டாரத்தில் அதுதான் முதல் தடவை. அடுத்து, மரம் அறுக்கிற ஆள் மெஷினோடு நல்லம்மாள் கொல்லைப் பக்கம் திரும்பினான். பின்னாலேயே மோகனராஜும் வந்தார். வந்தவர்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

ஐந்து மரமும் பொன்னாடை போர்த்திக்கொண்டு நின்றன. மஞ்சள், சிவப்பு, பச்சை, இன்னொரு மஞ்சள், ஊதா. ஒவ்வொன்றின் கழுத்திலும், மரத்துக்குக் கழுத்து எது என்று கேட்காதீர்கள், சாமந்தி மாலை வேறு. நல்லம்மாள் பாராங் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாக்கா இது?"

"தலைவர் கையால போர்த்தின பொன்னாடை. அறு தம்பி. நல்லா அறு. பொன்னாடையோட சேத்து அறு. நான் போட்டோ எடுத்து எல்லா குரூப்புக்கும் அனுப்புறேன். 'தலைவர் கௌரவிச்சதைச் செயலாளர் அறுத்தார்'னு எழுதிப் போடுறேன்."

மோகனராஜுக்கு வியர்த்துவிட்டது. தலைவர் பொன்னாடை போர்த்திய எதையும் வெட்டலாமா என்று பேரவைச் சட்டத்தில் இல்லை. பொன்னாடையைக் கழற்றிவிட்டு வெட்டலாம் என்றால், தலைவர் போர்த்தியதைக் கழற்றும் அதிகாரம் தலைவருக்கு மட்டும்தான். தலைவரோ வாசலில் மேளத்தோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார். போட்டோக்காரன் முதலில் ஓடியது மரங்களைப் பார்த்துத்தான். அழகாக இருந்தன, பாவம் அவன் என்ன செய்வான். தலைவர் வேறு வழியில்லாமல் மரங்களுக்கு நடுவில் நின்று கைகூப்பினார். 'இயற்கையைப் போற்றும் தலைவர்' என்று மறுநாள் பேரவையின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். பிரமுகர்களின் கார்கள் ரோட்டோரம் நின்றன.

வேலி இருந்த இடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி வெட்டினார்கள். அந்த எல்லையில் ஏழு மாதத்தில் குறுக்கே நின்ற ஒரே பொருள் அந்த ரிப்பன்தான். அதையும் வெட்டிவிட்டார்கள். பிறகு கேசரி.

சாயங்காலம் எல்லாரும் போய்விட்டார்கள். பந்தல்காரன் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனான். ஒன்பது பேனரையும் எடுத்துப் போக ஆள் இல்லை. வழக்கம்போல, நல்லம்மாள் எல்லையோரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுலைமான் ஒரு மூட்டை கம்பியும் சம்மட்டியும் கொண்டு வந்தார். நல்லம்மாள் இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்குக் கயிறு பிடித்தாள். கயிற்றோரமாகக் கட்டைகளை அடித்து, ஒன்பது பேனரையும் வரிசையாக நிறுத்திக் கட்டினார்கள். நாற்பது அடி. ஒரு விரல் இடைவெளி இல்லை. ஒன்பது பேரும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு மண்டபத்தைப் பார்த்து நின்றார்கள். பதினேழு வருஷத்தில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வேலைக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை மோகனராஜ் வந்து குதித்தார். "யாரக் கேட்டு நட்டீங்க? கழட்டுங்க மொதல்ல!"

"நான் பேரவை சொத்துல கை வைக்க மாட்டேன் தம்பி. நீங்களே கழட்டுங்க. மொதல்ல தலைவர் மூஞ்சியப் புடுங்கிக் கீழ போடுங்க, இதோ போன் ரெடியா இருக்கு."

அவர் தலைவர் பேனரின் சட்டத்தைப் பிடித்தார். மேலே எட்டடி அகலத்துக்குத் தலைவர் சிரித்தார். கையை எடுத்துவிட்டு, இது செயற்குழு முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்று போய்விட்டார்.

செயற்குழு கூடியது. கழற்றுவதைப் பற்றி யாரும் பேசவே இல்லையாம். பேச்சு முழுக்க வரிசையைப் பற்றித்தான். துணைத் தலைவரின் காதை வாழை இலை மறைக்கிறது. பொருளாளர் ஏன் கடைசியில் நிற்கிறார், அங்கே நாய் வருகிறது. அதற்கப்புறம் தினம் யாராவது ஒருவர் வந்து தன் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனார். வாழையை அவர்களே கழித்தார்கள். புல்லை அவர்களே வெட்டினார்கள். நவம்பரிலிருந்து ஒரு தூண் நட ஆள் கிடைக்காத பேரவைக்கு இப்போது ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஜூன் கடைசியில் மறுபடியும் பன்றி வந்தது. பெரிய ஆண் பன்றி போலிருக்கிறது. நேராக வந்து தலைவரின் வாயில் முட்டியிருக்கிறது. மேல் உதட்டிலிருந்து மோவாய் வரைக்கும் கிழிந்து தொங்கியது. நல்லம்மாள் காலையில் பார்த்தாள். ஒரு போட்டோ எடுத்து மோகனராஜுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

நாற்பது நிமிடத்தில் இரண்டு லோரி. இரும்புச் சட்டம், கம்பி வலை, சிமெண்டு, ஐந்து ஆட்கள், சுலைமான் கடையில் அவசரமாக அடித்த புதுத் தலைவர். மறுநாள் காலை பட்டம் சிபாரிசு செய்கிற பெரிய இடத்து ஆள் ஒருவர் மண்டபத்துக்கு வருகிறாராம். அவர் கண்ணில் வாய் கிழிந்த வருங்கால டத்தோ படலாமா? இன்றைக்கு ராத்திரியும் பன்றி வந்து முட்டினால்?

"அக்கா, தள்ளுங்க, தள்ளுங்க," என்று மோகனராஜ் ஓடிவந்தார். "குழி தோண்டணும். பின்பக்கம் முட்டுக் கொடுக்க உங்க பக்கம் வரணும்."

நல்லம்மாள் நாற்காலியை எல்லைக்கல் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "லெட்டர் இருக்கா?"

"என்னா லெட்டர்?"

"என் நிலத்துக்குள்ள வர்றதுக்கு. வாயால சொல்றதெல்லாம் நான் எடுத்துக்கிறது இல்ல."

அவர் லோரி முகப்பில் பேப்பரை வைத்து அவசரமாக எழுதிக்கொண்டு வந்தார். நல்லம்மாள் நிதானமாகப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"வாழ்த்து எங்க தம்பி?"

"எதுக்குக்கா வாழ்த்து?"

"போன மாசம் எனக்கு ஐம்பத்தெட்டு முடிஞ்சுது. முறைன்னு ஒன்னு இருக்குல்ல?"

எழுதினார். வாழ்த்து உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதில் அவருக்கு நல்ல பயிற்சி. நல்லம்மாள் மறுபடியும் திருப்பிக் கொடுத்தாள். "எங்க நடப்போறீங்கன்னு இல்லையே. 'நல்லம்மாள் நிலத்துக்கும் பேரவை நிலத்துக்கும் எல்லையான இந்த ரெண்டு கல்லை ஒட்டி'ன்னு போடுங்க. கல்லு நம்பரும் போடுங்க."

மோகனராஜின் பேனா நின்றது. அவர் ஒன்றும் முட்டாள் இல்லை, அந்த வரி எதை விட்டுக்கொடுக்கிறது என்று தெரியும். "அது... தலைவரக் கேக்கணும்" என்றார். அதே நேரத்தில் போன் அடித்தது. தலைவர்தான். ஒலிவாங்கி இல்லாததால் செந்தமிழும் இல்லை. "டேய், என் வாய ஒட்டியாச்சா இல்லையாடா? அந்தம்மா என்ன கேட்டாலும் எழுதிக் குடுத்துத் தொலைடா!" லோரிக்காரர்களுக்கும் கேட்டது.

எழுதினார். கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து அந்த முத்திரையை எடுத்து, வாயால் ஊதிக் குத்தினார். நல்லம்மாள் தாளைக் காயவைத்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியை நகர்த்தினாள்.

சாயங்காலத்துக்குள் வேலி நின்றது. கல்லிலிருந்து கல்லுக்கு, முழங்கால் ஆழத்துக்குச் சிமெண்டு ஊற்றி, இரும்புக் கம்பி வலை அடித்து, பன்றி என்ன, பன்றியின் வம்சமே வந்தாலும் அசையாத வேலி. அதன் மேல் ஒன்பது முகங்கள். ஆட்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மோகனராஜ் சட்டையெல்லாம் சிமெண்டாக, அலுத்துப்போய் எல்லைக்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். புதுப் பேனரோடு வந்திருந்த சுலைமான் அவருக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

"எழுந்திருங்க தம்பி," என்றாள் நல்லம்மாள்.

எழுந்தார். நல்லம்மாள் முதல் மரத்திலிருந்து மஞ்சள் பொன்னாடையை அவிழ்த்து, இரண்டு தடவை உதறி, அவர் தோளில் போர்த்தினாள். "பொறுமையின் சிகரம்," என்றாள் உரக்க.

மோகனராஜுக்கு அவமானத்தில் முகம் சிவந்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்லவும் வந்தார். ஆனால் பொன்னாடை தோளில் பட்டதும், பதினேழு வருஷப் பழக்கம், இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன, முகம் தானாக ஒரு பக்கம் திரும்பிச் சிரித்தது. சுலைமான் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்.